பொட்டு வைத்த கண்ணாடி

என் அம்மிச்சியின் படத்தைக் கையில் வாங்கியவர் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைக் கவிழ்த்து, பின்னட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சீமெண்ணெ பூசினீங்களா அம்மிணி?"

பூசியது நானில்லை, என் மாமா. போன வருஷத்து ஐப்பசி மழையில் சுவரில் கரையான் ஏறியபோது, பழைய துணியை நனைத்துப் பின்பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டார். ஒரு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, மேசை மூலையிலிருந்த குட்டி பாட்டிலைக் காட்டினார். கண்ணாடி வெட்டும் கட்டர் அதற்குள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. பாட்டிலில் சீமெண்ணெய்.

"நாப்பது வருசமா இதைத்தானுங்க மோந்துட்டிருக்கறன்."

கோயமுத்தூர்க்காரர்களுக்கு டவுன்ஹால் என்றால் 1892-ல் கட்டிய அந்த மண்டபம் மட்டுமல்ல. ராஜ வீதி, பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி எல்லாம் சேர்ந்த நெரிசலுக்கே அதுதான் பெயர். அதில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. அகலம் எட்டடி இருந்தால் அதிகம். சுவரோரம் மோல்டிங் சட்டங்கள் கரும்புக்கட்டுபோல நட்டமாகச் சாய்ந்திருக்கின்றன. முக்கால்வாசி பிளாஸ்டிக் ரகம். தெர்மாகோலுக்குப் பங்காளியான பாலிஸ்டைரீன், மேலே பொன்னிறப் பூச்சு. மரம் என்று நினைத்துத் தூக்கினால் கை சும்மா மேலே போகிறது. உள்மூலையில் நாலைந்து தேக்குச் சட்டங்கள் மட்டும் தனியாக நிற்கின்றன. பிளாஸ்டிக்கை நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டக் காலால் மிதிக்கும் மெஷின் உண்டு. தேக்கை அதில் வைக்க மாட்டார். அதற்குக் கைரம்பம்தான்.

வேலை செய்பவர்கள் மூன்று பேர். கடைக்காரர் அண்ணன், அறுபதைத் தாண்டியவர். ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருஷமான ஒரு பையன். அவன் பேச்சில் 'ங்க' நம்மைவிடத் தாராளமாக விழுகிறது. கிளம்பும்போது "போயிட்டு வாறனுங்க" என்று கண்ணாடியிடம்கூடச் சொல்லிவிட்டுப் போவான்போல. மூன்றாவது ஆள் ஓர் அக்கா. கண்ணாடி துடைப்பது அவர் வேலை. இந்தக் கட்டுரைக்காக நான் வந்ததே அவரைப் பார்க்கத்தான் என்பது அன்று மத்தியானம்தான் எனக்கே தெரிந்தது.

"ஆயுத பூசை முடிஞ்ச மறு வாரம் வாங்க, அப்பத்தான் வேடிக்கை" என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். இந்த ஊரில் பம்பு செட் பட்டறை, வார்ப்பட ஆலை, விசைத்தறிக் கூடம், லேத் பட்டறை, லாரி ஆபீஸ் என்று எந்தச் சுவரைப் பார்த்தாலும் இரண்டு வரிசைப் படங்கள் இருக்கும். மேல் வரிசையில் சாமி. கீழ் வரிசையில் தொழிலைத் தொடங்கிய அப்பாரு. வருஷத்தில் ஒரு நாள் அத்தனையும் கீழே இறங்கும். ஈரத்துணியால் அழுந்தத் துடைப்பார்கள். சந்தனம் குழைத்து நெற்றியில் ஒன்று, பிரேமின் நாலு மூலைக்கும் ஒவ்வொன்று, மேலே குங்குமம். மாலை போட்டு, சூடம் காட்டி, மறுபடி ஆணியில் ஏற்றிவிடுவார்கள். மறு வாரம் அதில் கொஞ்சம் இந்தக் கடைக்கு வந்து சேரும்.

அன்று மேசையில் ஐந்து படங்கள் பிரித்துக் கிடந்தன. ஒரு வார்ப்பட ஆலையின் லட்சுமி, ராஜ அலங்காரத்தில் பழனி முருகன், அரிசி ஆலைக்காரர் ஒருவர், ஒரு கல்யாண ஜோடி, யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் அவற்றை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் விரலை வைத்தார். கீழ் விளிம்பு. ஐந்திலும் அங்கே பழுப்பாக ஒரு கோடு ஓடியது. குளத்தில் தண்ணீர் வற்றிய பிறகு கரையில் தெரியுமே, அந்த மாதிரி.

"மேல இருந்து எதுவும் ஆகறதில்லீங்க. படம் கால்ல இருந்துதான் சாவும்."

பிரேம் சட்டத்தின் உட்பக்கம் கண்ணாடியும் படமும் உட்காரத் தச்சர்கள் இழைத்து எடுக்கும் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். மாட்டிய நிலையிலோ நிமிர்த்திப் பிடித்தோ கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால், வழியும் நீர் நேராகக் கீழ்க்காடியில் போய்த் தேங்கும். குழைத்த சந்தனத்தின் நீரும் அங்கேதான் இறங்கும். வெளியே கண்ணாடி பளபளவென்று காய்ந்துவிடும். காடிக்குள் போன ஈரம் காய வழியில்லை. பின்னட்டை அதைக் கோழிச் சூட்டில் வைத்ததுபோல வைத்துக்கொண்டிருக்கும். அட்டை மட்டமான மரக்கூழில் செய்ததானால் அதிலிருக்கும் அமிலமும் பழுப்பும் ஈரத்தோடு கரைந்து படத்தாளில் ஏறும். அடித்திருக்கும் ஆணி துருப்பிடித்தால் அந்தக் கறையும் கூடச் சேரும். கொஞ்சம் பசையும் ஈரமும் இருந்தால் போதும், வெள்ளிபோல் நெளியும் ராமபாணப் பூச்சிக்கு அதுவே கல்யாண விருந்து.

அரிசி ஆலைக்காரரின் படத்தை அக்கா எடுத்துக்கொண்டார். மேசையில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை விரித்து, அதன்மேல் படத்தைப் படுக்க வைத்தார். முதலில் துணியே கிடையாது. ஒன்றரை அங்குலப் பெயின்ட் பிரஷ், புதுசு. மேல் சட்டத்தில் படிந்த தூசியை வெளிப்பக்கமாகத் தட்டினார். பிறகு பக்கச் சட்டங்கள், கடைசியில் கண்ணாடி. தூசியோடு ஈரத்தைச் சேர்த்தால் சேறு, சேற்றை வைத்துத் தேய்த்தால் கீறல். கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைகளிலிருந்து வரும் படங்களில் இரும்புப் பொடி கலந்த கருந்தூசி இருக்குமாம். அதை அப்படியே துடைத்தால் கண்ணாடி உப்புத்தாள் போட்டதுபோல ஆகிவிடும் என்றார்.

அடுத்து ஒரு கைப்பிடித் துணி. தண்ணீரைத் துணியில் தெளித்தாரே தவிரக் கண்ணாடியில் ஒரு சொட்டுகூடத் தெளிக்கவில்லை. விளம்பரத்தில் நீலத் தண்ணியைப் புஸ் புஸ்ஸென்று அடிக்கிறார்களே என்றேன்.

"அது சன்னலுக்குங் கண்ணு. சன்னலுக்குப் பின்னால யாரு இருக்கறா?"

நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, விளிம்புக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிட்டார். விளிம்பை உலர்ந்த துணியால் மட்டும். நெற்றியில் மூன்று நான்கு வருஷத்துச் சந்தனம் பொருக்காகத் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டுவார் என்று நினைத்தேன். ஒரு துளி பஞ்சை நனைத்துப் பிழிந்து அதன்மேல் வைத்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கால் மணி கழித்துப் பஞ்சை எடுத்தபோது பொருக்கு தானாக வழண்டு வந்தது. மிச்சத்தை மூங்கில் சிலாம்பால் நெம்பினார். எண்ணெய் விளக்குப் புகை ஏறிய கண்ணாடிக்கு மட்டும் துணியில் இரண்டு சொட்டு ஸ்பிரிட். அதையும் பிரேமில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மரச்சட்டத்தின் பாலீஷ் அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரைந்து இழுக்கும். பிளாஸ்டிக் சட்டமானால் பொன்பூச்சு கையோடு வந்துவிடும். முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்ட படத்துக்கு ஸ்பிரிட்டும் கூடாது, அமோனியா கலந்த எந்தத் திரவமும் கூடாது, மங்கி மயிரிழையாக வெடிக்கும்.

செய்தித்தாளால் துடைத்தால் பளிச்சென்று வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளை மவுண்ட் வைத்த படத்தில் அச்சு மை ஓரமாக இறங்கியதை ஒரு முறை பார்த்திருக்கிறாராம். திருநீறு போட்டுத் தேய்க்கிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. "விளக்குக்கு ஆவுமுங்க. இதுக்கு ஆவாது. பொடி போயிக் காடியில குந்திக்கும்."

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, மொபைல் டார்ச்சைக் கண்ணாடிக்குக் கிடைமட்டமாக, மேசையை ஒட்டிப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு பஞ்சிழைகள் எழுந்து நின்றன. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பதினெட்டு வயசிலிருந்து ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில் நின்றவர். ஆலை மூடிய பிறகு இங்கே வந்தார். பறக்கும் பஞ்சு நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, சன்னலில் சாய்ந்து விழும் வெயிலில்தான் தெரியும் என்பது மில்லில் படித்த பாடம். கோயமுத்தூரின் எத்தனையோ ஆலைகள் போன பிறகு, அந்தத் தொழிலாளிகளின் கையும் கண்ணும் எங்கெங்கோ இப்படி வேறு பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மத்தியானம் என் அம்மிச்சியின் முறை வந்தது.

அண்ணன் பின்பக்கத்துப் பழுப்புத் தாளைக் கத்தியால் அறுத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறடால் இழுத்தார். பின்னட்டையை எடுத்ததும் உள்ளே திணிப்பாக வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள்கள் உதிர்ந்தன. 1968, புரட்டாசி. அண்ணன் அவற்றைக் குப்பையில் போடவில்லை. ஒரு பாலித்தீன் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். படங்களுக்குப் பின்னால் எழுதியிருப்பதையும் செருகியிருப்பதையும் முதலில் செல்போனில் படமெடுத்துவிட்டுத்தான் கை வைப்பார். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய ஊர், தேதி. பல குடும்பங்களுக்கு முன்னால் இருப்பவர் யாரென்பதே பின்னால் இருக்கும் எழுத்தை வைத்துத்தான் தெரியவந்திருக்கிறது.

பிறகு சட்டத்தை மெல்ல உயர்த்திக் கண்ணாடியையும் படத்தையும் சேர்த்து வெளியே எடுத்தார். ஒரு மூலையை நகத்தால் தொட்டுப் பார்த்தார். விட்டுவிட்டார்.

"ஒட்டிப்போச்சுங்க."

அம்மிச்சியின் வலது கன்னத்திலிருந்து தோள் வரைக்கும் கண்ணாடிக்குள் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு திட்டு மினுங்கியது. அதை நான் சின்ன வயசிலிருந்து பார்த்துவருகிறேன். அழுக்கு என்று நினைத்திருந்தேன், துடைத்தால் போகும் என்று. அதற்காகத்தான் வந்திருந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் முகப்பில் இருப்பது ஜெலட்டின், விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுப்பது. அந்தப் படலத்துக்குள்தான் வெள்ளித் துகள்கள் உட்கார்ந்து முகமாகத் தெரிகின்றன. காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் ஊறி இளகும். இளகும்போது கண்ணாடி மேலேயே கிடந்தால் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் இறுகிவிடும். "களி தட்டுல ஆறுனா எப்புடி? அதேதானுங்க" என்றார் அண்ணன். களியையாவது தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழற்றலாம். இதில் பிய்த்தால் கன்னம் கண்ணாடியோடு போய்விடும், தாள் மட்டும் கையில் மிஞ்சும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதும் உண்டு. அது ஆய்வகத்தில், தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது. அப்போதும் நிச்சயமில்லை.

தடுக்க வழி மிக எளிது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொஞ்சம் சந்து வேண்டும். மவுண்ட் அட்டையில் சன்னல் வெட்டி வைத்தால் அதன் கனமே சந்து. மவுண்ட் வேண்டாமென்றால் காடிக்குள் நாலு பக்கமும் மெல்லிய பட்டை வைக்கலாம். அந்தக் காலத்தில் மவுண்டுக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் படத்தை நேராகக் கண்ணாடியில் வைத்து அறைந்துகொண்டார்கள். நம் ஊர்ப் பக்கம் ஈரம் கடலோரம்போல இல்லை என்பதால் பலருக்கு ஒட்டவில்லை. எங்களுக்கு ஒட்டிவிட்டது. சமையலறைச் சுவரின் மறுபக்கம் மாட்டியிருந்தோம்.

"பிரிச்சுத் தரமுடியாதுங்களா?" என்று இரண்டாவது முறை கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை.

"முடியாதுன்னு இல்லீங். பிரிச்சுருவன். பொறவு நீங்க எம்மூஞ்சியப் பாக்க மாட்டீங்க."

கண்ணாடியோடு அப்படியே விட்டு, பின்னால் புது அட்டை, புது மரச்சட்டம் போட்டுத் தருவது, அதற்கு முன் பக்கவாட்டில் இரண்டு விளக்கு வைத்து நல்ல கேமராவில் நகலெடுத்துக்கொள்வது என்று முடிவானது. இந்தக் கண்ணாடியை இனி மாற்ற முடியாது, உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே நெளிநெளியாக அலை ஓடியது, ஒன்றிரண்டு காற்றுக்குமிழ். 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் ஆலை வந்த பிறகு கடைக்கு வரும் கண்ணாடியெல்லாம் தண்ணீர் மாதிரி சமமாக இருக்கிறதாம். அலையடிக்கும் பழைய கண்ணாடியை அவர் தூக்கிப்போடுவதில்லை. பழைய படத்துக்கு அதுவே போட்டால்தான் முகம் முகமாக இருக்கும் என்கிறார். அது அறிவியலா பிரியமா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் படமெடுத்துக்கொள்ளும் ஆசைக்கு வயது அதிகம். மலைக்கு மேலே ஊட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஏ.டி.டபிள்யூ. பென் ஸ்டுடியோ வைத்திருந்தார். கீழே கோயமுத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ரயில்வே வேலையை விட்டுப் படம் காட்டக் கிளம்பியவர், 1914-ல் வெரைட்டி ஹால் கட்டினார்; பின்னாளில் டிலைட் ஆன தியேட்டர், தெருவுக்கு இன்றும் பழைய பெயர்தான். சாமி படங்களின் கதை தனி. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ல் மறைந்த கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, காலண்டரின் தேதி முடிந்ததும் கண்ணாடிக்குள் போயின. ஸ்டுடியோக்கள் எடுத்த குடும்பப் படங்களுக்குத்தான் நாதியில்லை. சில வருஷங்களுக்கு முன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி மின்பிரதி எடுத்தார்கள். அருமையான காரியம். ஆனால் அசல் படங்கள் நம் வீட்டு ஆணிகளில்தான் தொங்குகின்றன. அருங்காட்சியகத்தில் பழைய படத்தின்மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழவிட மாட்டார்கள், மங்கலான பூஜையறை அளவு. நாமோ எதிர்ச்சன்னல் வெயிலில் மாட்டி, மேலே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பும் எரிய விடுகிறோம். அது பெயரளவில்தான் ஜீரோ. பழைய மீட்டரில் ஓடாது என்பதால் வந்த பெயர். உண்மையில் பன்னிரண்டு, பதினைந்து வாட் தின்கிறது. இரவும் பகலும் ஒரே இடத்தில் சூடு.

சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று பேர் அவசரமாக வந்தார்கள். கையில் ஒரு போன். காலையில் ஒரு சாவு. போனில் இருந்தது ஒரு காதுகுத்தில் எடுத்த கூட்டப் படம். இறந்தவர் மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். ஆதார் அட்டைப் படம் இருக்கிறதா என்று அண்ணன் கேட்டார். இருந்தது, அதில் அவர் அவர்மாதிரி இல்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பிவைத்தார். இரண்டு மணி நேரத்தில் மூன்றாவது வரிசைக்காரருக்கு வெள்ளைச் சட்டை வந்தது, தோள் வந்தது, பின்னால் நீல வானம் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடக் கதவைத் தட்டுவார்களாம். அந்த வேலைக்கு அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடிப்பதுமில்லை.

"இங்க் காயறதுக்கு ஒரு நாளாச்சும் வேணுங்க. யாரு குடுப்பாங்க ஒரு நாளு?"

பிரின்டரில் எடுத்த படத்தைச் சூட்டோடு கண்ணாடிக்குள் அடைத்தால் மையிலுள்ள கரைப்பான் மெதுவாக வெளியேறி, கண்ணாடியின் உட்பக்கம் படலமாகப் படியும். சில மாதத்தில் முகத்துக்கு முன்னால் பனி மூடியதுபோல ஆகும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிரித்து, கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, படத்தை ஒரு நாள் ஆறவிட்டு மூடினால் சரியாகிவிடும். அப்படி ஒரு படத்தோடு வந்த அம்மாவைப் பற்றி அக்கா சொன்னார். வாய்க்கு நேராகத்தான் படலம் அதிகமாக இருந்ததாம். அந்த அம்மா மேசை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிறகு மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும், "அவங்க படம், அவங்க இஷ்டம்" என்று மிதி மெஷினை மிதித்தார்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது அண்ணனிடமிருந்து போன். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போகிறோம், வருகிறீர்களா? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன் படங்களை இறக்கித் துடைப்பதற்கு இந்த முறை அந்த வீட்டார் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை அடிப்பவர்கள் படத்தை மாட்டியபடியே சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போனால், தெறித்த சுண்ணாம்பு கண்ணாடியைக் கடித்துப் பால் சிந்தியதுபோல ஆறாத தழும்பாக்கிவிடும்.

பல்லடம் தாண்டியதும் கிளுவை வேலியும் கொறங்காட்டு மேய்ச்சலுமாக நிலம் விரிந்துவிடுகிறது. வீடு தொட்டிகட்டு, நாட்டு ஓடு. ஆசாரத்தில் வாசல் நிலவுக்கு மேலே வரிசையாகப் படங்கள், எண்ணினேன், இருபத்துமூன்று. எல்லாம் முன்னோக்கிக் கவிந்து, கீழே நிற்பவரைக் குனிந்து விசாரிப்பதுபோலத் தொங்கின. நம் பழைய வீடுகளில் படத்தை இப்படிச் சாய்த்து மாட்டுவதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். வேலை இருக்கிறது அதில். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. முகம் நேராகத் தெரியும். பின்னால் காற்று ஓடும், சுவரின் ஓதம் ஏறாது. கீழ் விளிம்பு மட்டும் சுவரில் படும். அங்கேயும் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிவிடுகிறார் அண்ணன், அவ்வளவுதான்.

காற்று ஓடும் இடத்தில் மற்றதும் ஓடும். முதல் படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவியின் பழைய கூடு, வைக்கோலும் மயிருமாக. அடுத்ததில் பல்லி முட்டை. ஐந்தாவதில் குளவி மண்ணால் கட்டிய கூடு, படத்தையும் சுவரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. பையன் அதைத் தட்டப்போனான். உள்ளேயிருந்து வீட்டு மருமகள் ஓடிவந்து தடுத்தாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும். அவள் வயிற்றைப் பார்த்தால் குளவி சொன்னது சரிதான். அந்தப் படம் இந்த வருஷம் இறங்கவில்லை. அதைச் சுற்றித்தான் சுண்ணாம்பு அடித்தார்கள், நனைத்த சாக்கை மேலே போர்த்திவிட்டு.

திண்ணையில் பாய் விரித்து அக்கா துடைக்க ஆரம்பித்தார். பதினொன்றோ பன்னிரண்டோ போன பிறகு ஒரு கலர்ப் படம் வந்தது. 1984-ல் எடுத்தது என்று அந்த வீட்டு மகன் சொன்னார். அவருடைய அப்பா. படமெடுத்த மறு வருஷமே தவறிவிட்டார். அப்போது இவருக்கு மூன்று வயது. படம் வெளுத்துப்போயிருந்தது. அந்தக் காலத்துக் கலர்ப் படங்களின் சாயங்கள் வெளிச்சத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். சட்டை, முகம், பின்திரை எல்லாம் ஒரே ரோஜா நிறம். நெற்றியில் மட்டும் கனத்த சந்தனமும் குங்குமமும். நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதே இடத்தில் வைத்த பொட்டு.

அக்கா பஞ்சை நனைத்து வைத்தார். காத்திருந்தார். பொருக்கை நெம்பி எடுத்து, துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார். டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

நெற்றியில் எட்டணாக் காசு அகலத்துக்கு வட்டமாக ஒரு கறுப்பு. கறை என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் பிரித்துப் பார்த்தார், படம் ஒட்டவில்லை, கையோடு வந்தது. கறை கண்ணாடியில் இல்லை, படத்தில் இருந்தது. கறுப்பும் இல்லை. நல்ல மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான, வெயிலில் நின்ற தோலின் நிறம். நாற்பது வருஷத்து வெளிச்சம் பொட்டைத் தாண்டி உள்ளே போக முடியாததால், அந்த வட்டத்தில் மட்டும் சாயம் ஏறக்குறைய எடுத்த அன்று இருந்ததுபோலவே தங்கிவிட்டது. படம் கண்ணாடியோடு படிந்தே இருந்ததால் விளிம்புகூடக் கூர்மையாக இருந்தது.

சந்தனத்தால் படம் கெட்ட கதைகளைத்தான் அண்ணன் அதுவரைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. இதுபோல நாலைந்து தடவை பார்த்திருப்பதாகப் பின்னால் வண்டியில் வரும்போது சொன்னார்.

மகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கய்யன் செவப்பு இல்லீங்களா?" என்றார், யாரிடம் என்றில்லாமல். ஊரில் எல்லோரிடமும் அப்பாவைச் சிவந்த ஆள் என்றே சொல்லிவந்திருக்கிறார்போல.

உள்ளேயிருந்து அவருடைய ஆத்தாவைக் கூட்டிவந்தார்கள். கண்ணில் புரை, கிட்டத்தில் வைத்தால்தான் தெரியும். அண்ணன் படத்தை அவர் முகத்தருகே பிடித்து, விரலால் அந்த வட்டத்தைக் காட்டினார். ஆத்தா நெடுநேரம் பார்த்தார்.

"இதுதான் அவரு நெறம். காட்டுக்குப் போயிப் போயி."

கம்ப்யூட்டரில் மற்ற இடத்தையும் அதே நிறத்துக்குக் கொண்டுவரலாம், நகல் போட்டுத் தருகிறேன் என்று அண்ணன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மவுண்ட் வைத்து, வெயில் படாத எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னார். பொட்டு வைப்பதானால் கண்ணாடியில் வேண்டாம், மேல் சட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கம்மியாகக் குழையுங்கள் என்று ஆத்தாவிடமும் சொன்னார். ஆத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பொழுது சாய எல்லாப் படங்களையும் ஆசாரத்தில் அடுக்கிவிட்டுக் கை கழுவப் போனோம். திரும்பி வந்தபோது ஆத்தா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம். பக்கத்தில் சந்தனக் கிண்ணம். இடது கைவிரலால் கண்ணாடியைத் தடவித் தடவி, வட்டம் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தார். மருமகள் குனிந்து, அவர் விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தாள்.

அண்ணன் பார்த்தார். பையனிடம், அந்தப் படத்துக்கு மட்டும் சந்து கொஞ்சம் கூடுதலாக விடு என்றார்.